மிஃமார் ஸினான்: இறையில்லத்தைச் சுற்றி ஓர் ஊரை எழுப்பியவர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



ஓர் ஊரில் புதிதாகப் பள்ளிவாசல் எழும்புகிறது என்று கேள்விப்பட்டால், நம் நாவில் முதலில் வருகின்ற வினாக்கள் இரண்டு. எத்தனை பேர் தொழலாம்? மினாரா எத்தனை அடி உயரம்? இவ்விரண்டும் தவறான வினாக்கள் அல்ல. ஆயினும், தவ்பா அத்தியாயத்தின் 18-ஆம் வசனத்தில் இறையில்லங்களைப் பரிபாலிப்போரின் தன்மைகளை அல்லாஹுத்தஆலா எடுத்துரைக்கும்போது, ஈமானையும் தொழுகையையும் கூறிய அதே மூச்சில் ஜகாத்தையும் சேர்த்தே கூறுகின்றான். ஸஃப்பில் நிற்பவனுடைய தொழுகையும், பள்ளியின் வாசலில் நிற்பவனுடைய பசியும் ஒரே வசனத்திற்குள் வந்துவிடுகின்றன. இந்தப் பாடத்தைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிக் காட்டிய ஒரு மனிதரின் வரலாற்றை இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அவர்தாம் உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகத் திகழ்ந்த மிஃமார் ஸினான்.

கல் தச்சரின் ஊரிலிருந்து

இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் கைஸரி என்னும் நகரம் இருக்கின்றது. அதனருகே உள்ள அகிர்னாஸ் என்ற சிற்றூரில், ஏறத்தாழ கி.பி. 1490-ஆம் ஆண்டளவில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் உஸ்மானிய அரசு, கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகளைத் திரட்டிச் சென்று, இஸ்லாத்தில் வளர்த்து, படையிலும் அரண்மனையிலும் பணியாற்றச் செய்யும் ஒரு முறையைக் கையாண்டு வந்தது. முதலாம் சலீம் அரியணை ஏறிய 1512-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வாலிப வயதிலிருந்த ஸினான் அவ்வாறே இஸ்தான்புல்லுக்குக் கொண்டு செல்லப்பட்டார். பெற்ற வயிற்றிலிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அம்முறையின் கடுமையை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தப் பிரிவின் வலியை ஸினானும் மறந்தவர் அல்லர் என்பதற்குச் சான்று உண்டு. 1570-களில் சைப்ரஸ் தீவில் குடியேற்றுவதற்காகக் கைஸரிப் பகுதி மக்கள் அனுப்பப்பட்டபோது, தம் உறவினருக்கு விலக்கு அளிக்குமாறு வேண்டி, அதற்கான அரசாணையை அவர் பெற்றுத் தந்தார். அதற்குள் அவர் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. ஆனாலும் பிறந்த ஊரின் சொந்தங்கள் அவர் நெஞ்சிலிருந்து அகலவில்லை.

இஸ்தான்புல்லில் அவர் முதலில் கற்றது மரவேலை. பின்னர் ஜானிஸாரிப் படையில் சேர்ந்து, 1521-இல் பெல்கிரேடு, 1522-இல் ரோட்ஸ், 1526-இல் மொஹாக்ஸ் எனப் போர்க்களங்கள் பலவற்றைக் கண்டார். படை செல்லும் வழியெங்கும் கோட்டைகளையும் பாலங்களையும் பழைய கட்டடங்களையும் அவர் கண்கள் அளந்துகொண்டே சென்றன. வான் ஏரியைக் கடக்கக் கப்பல்கள் தேவைப்பட்டபோது அவற்றைக் கட்டிக் கொடுத்தார். 1538-இல் மால்டேவியப் படையெடுப்பின்போது, சேறும் சகதியுமான புரூத் ஆற்றின் மீது இரண்டு வாரங்களுக்குள் பாலம் அமைத்தார். எந்த நிலம் பாரத்தைத் தாங்கும், எது தாங்காது என்பதை அவர் ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். ஆயிரக்கணக்கான வீரர்களின் உயிரைத் தம் பாலத்தின் மீது நடக்கவிட்டுப் படித்தவர்.

அந்தப் பாலத்திற்குப் பின்னரே, ஏறத்தாழ ஐம்பதாவது வயதில், அவர் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். மற்றவர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவருடைய பணி தொடங்கியது. சுல்தான் சுலைமான், அவருக்குப்பின் இரண்டாம் சலீம், அவருக்குப்பின் மூன்றாம் முராத் என மூன்று சுல்தான்களின் காலத்தில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், மரணிக்கும் வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், மருத்துவமனைகள், பாலங்கள், குளியலகங்கள், சத்திரங்கள் என அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கட்டடங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை.

சுலைமானிய்யா எழுந்த கதை

இளமையில் இறந்துபோன தம் மகன் முஹம்மதின் நினைவாகச் சுல்தான் சுலைமான் எழுப்பிய ஷஹ்ஸாதா பள்ளிவாசலை 1548-இல் ஸினான் கட்டி முடித்தார். அதன் பின் 1550-இல் (ஹிஜ்ரி 957) இஸ்தான்புல்லின் மூன்றாவது குன்றின் மீது, பொற்கொம்பு நீர்ப்பரப்பை நோக்கியவாறு, சுலைமானிய்யா பள்ளிவாசலுக்கு அடித்தளம் இடப்பட்டது. பழைய அரண்மனையின் தோட்ட நிலத்திலிருந்து ஒரு பகுதி அதற்காக ஒதுக்கப்பட்டது.

பணி நீண்டபோது வதந்திகளும் எழுந்தன. கும்மட்டம் நிற்காது என்றனர் சிலர். ஸினான் கவனமின்றி வேறு வேலைகளில் ஈடுபடுகிறார் என்றனர் வேறு சிலர். செய்தி சுல்தானின் செவியை எட்டியது. அவர் சினத்தோடு நேரில் வந்து, பணி எப்போது முடியும் என்று வினவினார் என்றும், ஸினான் சற்றும் தயங்காமல் இரண்டு மாதங்களில் என்று பதிலளித்தார் என்றும், அதைக் கேட்டவர்கள் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என ஐயுற்றார்கள் என்றும், முதுமையில் தம் நண்பரும் கவிஞருமான ஸாயீ முஸ்தஃபா செலபியைக் கொண்டு எழுதச் செய்த நினைவுக் குறிப்பில் அவரே கூறியுள்ளார். இரவு பகலாக வேலை நடந்தது. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. 1557-இல் (ஹிஜ்ரி 964) பள்ளி திறக்கப்பட்ட நாளில், கதவைத் திறக்கும் சாவியைச் சுல்தான் ஸினானின் கையிலேயே கொடுத்தார் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. கட்டியவனை முன்னிறுத்தி, பொருள் கொடுத்த மன்னர் பின்னே நின்ற காட்சி அது.

அப்பள்ளியின் நடுக் கும்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது. அதன் குறுக்களவு 26 மீட்டருக்குச் சற்று அதிகம். நான்கு பெருந்தூண்கள் அதைத் தாங்குகின்றன. மிஹ்ராபின் பக்கமும் வாசலின் பக்கமும் இரண்டு அரைக் கும்மட்டங்கள் அதன் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பக்கச் சுவர்களுக்கு முட்டுக் கொடுக்கும் பெரும் தாங்குசுவர்களைப் பாதி உள்ளும் பாதி வெளியுமாக அமைத்து, அவற்றின் இடைவெளிகளில் தாழ்வாரங்களைக் கட்டினார். அதனால் பாரம் சுமக்கும் சுவர்கள் பார்ப்பவர் கண்ணுக்குப் பாரமாகத் தெரிவதில்லை. நான்கு மினாராக்களில் பத்துப் பால்கனிகள். சுலைமான் இஸ்தான்புல்லை ஆண்டவர்களில் நான்காமவர், உஸ்மானிய மரபில் பத்தாமவர் என்பதன் குறியீடு இது என்று விளக்கம் சொல்வார்கள்.

உள்ளே சென்றால் வியப்பு வேறு விதமானது. இமாமின் ஓதல் கடைசி ஸஃப்பு வரை தெளிவாகச் சென்றடைய வேண்டும் என்பதற்காகக் கும்மட்டத்தின் உட்புறத்தில் வெற்று மண்குடங்கள் பதிக்கப்பட்டன. ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் ஒலிபெருக்கி அது. இரவுத் தொழுகைக்காக எண்ணற்ற எண்ணெய் விளக்குகள் எரிந்தன. அவற்றின் புகைக்கரி சுவர்களில் படியாமல், காற்றோட்டத்தால் தலைவாசலுக்கு மேலுள்ள ஓர் அறையை நோக்கி இழுக்கப்பட்டது. அங்கே சேர்ந்த கரி, எழுதும் மை தயாரிக்கப் பயன்பட்டது. தொழுகைக்கு ஒளி தந்த விளக்கின் கழிவு, கல்விக்கு மையானது. எதையும் வீண்செய்யாத ஒரு முஃமினின் சிந்தனை அதில் தெரிகிறது.

கணக்கேடு சொல்லும் செய்தி

சுலைமானிய்யாவின் கட்டுமானக் கணக்கேடுகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. உமர் லுத்ஃபி பர்கான் என்ற துருக்கிய வரலாற்று அறிஞர் அவற்றை ஆய்ந்து 1970-களில் நூலாக வெளியிட்டார். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எந்த ஆணி என்ன விலை, எந்தக் கொத்தனாருக்கு எவ்வளவு கூலி என்பன அவற்றில் பதிவாகியுள்ளன. கைவினைஞர்களாகப் பெயர் பதிவானவர்கள் 3,523 பேர். அவர்களுள் முஸ்லிம்கள் 1,713 பேர், கிறிஸ்தவர்கள் 1,810 பேர். உலகப் புகழ் பெற்ற அந்த இறையில்லத்தின் சுவர்களை எழுப்பிய கைகளில் பாதிக்கு மேற்பட்டவை சகோதர சமயத்தவரின் கைகள். வேலை தெரிந்தவர் யார் என்றே பார்த்தார்கள். அவர் பெயரை ஏட்டில் எழுதினார்கள். வேலைக்குரிய கூலியைக் கொடுத்தார்கள். உழைப்பவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடுமாறு ஏவிய நபியின் (ஸல்) உம்மத்துக்கு, கணக்கேடும் அமானிதமே.

தொழுகைக்கு அப்பால்

இதுவரை சொன்னது பள்ளிவாசல் மட்டும். ஸினான் வரைந்த வரைபடத்தில் பள்ளிவாசல் நடுவில் இருந்தது. அதைச் சுற்றி ஓர் ஊரே இருந்தது.

சிறார்களுக்கு மக்தப். உயர்கல்விக்கு நான்கு மதரஸாக்கள். ஹதீஸ் கலைக்கெனத் தனியாக ஒரு தாருல் ஹதீஸ். மருத்துவம் பயில ஒரு மதரஸா, நோயாளிகளைப் பராமரிக்க ஒரு மருத்துவமனை. முஸாஃபிர்கள் தங்க விடுதி, அவர்களுடைய வாகனப் பிராணிகளுக்குத் தொழுவம், பொதுக் குளியலகம். இவற்றோடு இமாரத் எனப்படும் பெரிய அடுப்படி. நிலம் பொற்கொம்பை நோக்கிச் சரிந்து இறங்கும் இடத்தில், மதரஸாக்களின் அறைகளைப் படிப்படியாகச் சரிவிலேயே இறக்கி அமைத்தார். குன்றை வெட்டித் தள்ளி நிலத்தோடு போராடாமல், நிலம் சொன்னபடி கட்டினார்.

உஸ்மானிய இமாரத்துகளின் வழக்கம் அறியத்தக்கது. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, உடன் ரொட்டி. வெள்ளிக்கிழமை இரவுகளிலும் ரமளானிலும் இறைச்சியோடு சோறும், குங்குமப்பூ இட்ட இனிப்புச் சோறும். மாணவர்கள், பணியாளர்கள், பயணிகள், ஏழைகள் யாவரும் அங்கே உண்டனர். வந்து தங்கும் பயணி மூன்று நாட்கள் விருந்தாளியாகவே நடத்தப்பட்டார். ரமளானில் அஸருக்குப்பின் நோன்புக் கஞ்சிக்காகப் பாத்திரம் ஏந்தி நிற்கும் வரிசையை அறிந்த நமக்கு இக்காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. நாம் ஒரு மாதம் செய்வதை அவர்கள் பன்னிரண்டு மாதமும் செய்தார்கள் என்பதே வேறுபாடு.

இத்தனைக்கும் பொருள் எங்கிருந்து வந்தது? வக்ஃபிலிருந்து வந்தது. கிராமங்களின் விளைச்சல், ஆலைகள், கடைவாடகை ஆகியவை பள்ளிக்கென எழுதி வைக்கப்பட்டன. ஆசிரியருக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு, சமையற்காரருக்கு எவ்வளவு என்பது பத்திரத்திலேயே வரையறுக்கப்பட்டது. 1560-களின் தொடக்கத்தில் அதே நகரின் கடைவீதியில் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலைக் கட்டியபோது, ஸினான் இந்த ஏற்பாட்டைக் கட்டடமாகவே ஆக்கிவிட்டார். கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையிட்ட கடைகள். அவற்றின் மேல் மேடை. மேடையின் மேல் பள்ளிவாசல். கடையின் வாடகை பள்ளியைத் தாங்கியது, கடையின் கூரையும் பள்ளியைத் தாங்கியது. திமிஷ்க் நகரில் 1550-களில் எழுந்த சுலைமானிய்யா தகிய்யாவும் ஸினானின் வரைபடமே. ஹஜ்ஜுக்குச் செல்லும் கூட்டத்தார் தங்கவும் உண்ணவும் அது அமைந்தது.

தண்ணீரையும் அவர் மறக்கவில்லை. பெருகிவரும் இஸ்தான்புல்லுக்குக் குடிநீர் போதவில்லை. 1554-இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள், நகருக்கு வடக்கேயுள்ள காடுகளின் ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவரும் கிர்க்செஷ்மே நீர்வழியை அவர் அமைத்தார். இடையில் 1563-இல் வந்த பெருவெள்ளம் கட்டியவற்றைச் சிதைத்தது. அவர் மீண்டும் கட்டினார். அவ்வழியிலுள்ள மக்லோவா நீர்ப்பாலம் ஏறத்தாழ 36 மீட்டர் உயரமும் 250 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையது. அரண்மனைக்கு மட்டுமன்றி, தெருக்களின் பொதுக் குழாய்களுக்கும் அந்நீர் சென்றது. வுளூச் செய்யவும், குழந்தைக்குப் பருகக் கொடுக்கவும் ஊர்மக்கள் அந்த நீரையே எடுத்தனர்.

முதுமையில் ஒரு சிகரம்

எண்பது வயதை நெருங்கியபோது ஸினான் எடிர்னே நகரில் சலீமிய்யா பள்ளிவாசலைத் தொடங்கினார். 1568-இல் தொடங்கிய பணி 1575-இல் நிறைவுற்றது. 31 மீட்டருக்குச் சற்று அதிகமான குறுக்களவு கொண்ட கும்மட்டம் எட்டுத் தூண்களின் மீது நிற்கின்றது. மினாராக்கள் ஏறத்தாழ 71 மீட்டர் உயரம். அவற்றுள் இரண்டில், மூன்று தனித்தனிப் படிக்கட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று ஏறுகின்றன. ஷஹ்ஸாதா தம் பயிற்சிக்கால வேலை, சுலைமானிய்யா தேர்ந்த வேலையாளின் வேலை, சலீமிய்யாவே ஆசானின் வேலை என்று அவர் தம் பணியை மதிப்பிட்டதாக மரபு சொல்கிறது. உலகமே வியந்த சுலைமானிய்யாவைக் கட்டிய பின்னரும், தாம் இன்னும் கற்க வேண்டியவர் என்றே அவர் எண்ணியிருக்கிறார்.

அவரிடம் பயின்றவர்களும் அவர் விட்டுச்சென்ற சொத்தே. மோஸ்தார் நகரின் புகழ்பெற்ற பாலத்தை 1566-இல் முடித்த ஹைருத்தீன் அவருடைய மாணவர் எனப்படுகிறார். 1609-இல் தொடங்கி இஸ்தான்புல்லில் சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலைக் கட்டிய முஹம்மத் ஆகாவும் அவரிடம் பயின்றவரே.

இத்தனை பெரும் பள்ளிகளைப் பிறர் பொருளில் கட்டியவர், தம் சொந்தப் பொருளில் என்ன கட்டினார்? இஸ்தான்புல்லின் எனிபஹ்ச்சே பகுதியில் ஒரு சிறிய மஸ்ஜிதைக் கட்டினார். மஹல்லாவாசிகள் ஐவேளை தொழுவதற்குப் போதுமான அளவு, அவ்வளவே. அதற்கென வக்ஃபும் எழுதி வைத்தார்.

1588-இல் (ஹிஜ்ரி 996) அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சுல்தான் சுலைமான் பள்ளியின் கிப்லாப் பக்கத்துத் தோட்டத்தில் அழகிய மக்பிராவில் அடங்கியிருக்க, ஸினான் அவ்வளாகத்திற்கு வெளியே, இரு தெருக்கள் சந்திக்கும் முனையில், ஒரு சிறிய கப்ரில் அடங்கியிருக்கின்றார். அந்த முனையில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வழங்கும் ஒரு சிறு மண்டபத்தையும் அவர் அமைத்திருந்தார்.

நின்றது எது, நின்றுபோனது எது?

சுலைமானிய்யா 1660-இல் தீவிபத்தைக் கண்டது. 1766-இல் நிலநடுக்கத்தில் சேதமுற்றது. ஒவ்வொரு முறையும் செப்பனிடப்பட்டது. 2007 முதல் 2010 வரை நடந்த பெரும் சீரமைப்புக்குப்பின் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. கட்டடம் நின்றது. ஆனால் வக்ஃபு வருமானங்கள் தேய்ந்து, நிர்வாகம் கைமாறியபோது, சுற்றியிருந்த ஊர் மெல்ல மெல்ல ஓய்ந்தது. 1914-இல் அந்த அடுப்படிக் கட்டடம் ஓர் அருங்காட்சியகமாயிற்று. 1924-இல் துருக்கியக் குடியரசு மதரஸாக்களை மூடியது. இரண்டு மதரஸாக்களின் கட்டடங்களில் 1918-இல் தொடங்கிய சுலைமானிய்யா நூலகம் கையெழுத்துச் சுவடிகளைப் பாதுகாத்து வந்தது என்பது ஆறுதல். இடிந்த கும்மட்டத்தை மீண்டும் கட்டக் காசு கிடைத்தது. அணைந்த அடுப்பை மீண்டும் மூட்டுவது அத்தனை எளிதாக இருக்கவில்லை.

கண்ணியத்திற்குரியவர்களே! இதுவே நாம் அஞ்ச வேண்டிய இடம். ஒரு பள்ளிவாசல் இடிந்தால் ஊரே கூடி அழுகின்றது. அதன் மக்தப் ஓய்ந்தால், வக்ஃபு நிலம் கைமாறினால், கடைவாடகை பல்லாண்டு பாக்கியானால், வாசலில் நிற்கும் விதவை வெறுங்கையோடு திரும்பினால், யாரும் அழுவதில்லை. ஏனெனில் மினாரா அப்படியே நிற்கின்றது. நின்றுபோனது எது என்று பார்க்க, அண்ணாந்து பார்த்தால் போதாது. கணக்கேட்டைப் பார்க்க வேண்டும்.

ஆகவே, இந்த ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் புரட்டாமல் கடந்துவிடாதீர்கள் என்று பணிவோடு வேண்டுகின்றேன். மக்தபுக்குச் செலவானது எவ்வளவு? நோயாளிக்குச் சென்றது எவ்வளவு? வக்ஃபுச் சொத்தின் வாடகை முறையாக வருகின்றதா? இவ்வினாக்களைக் கேட்பது நிர்வாகிகளைக் குறைகாண்பதன்று. அவர்கள் தோளில் உள்ள அமானிதத்தின் சுமையில் பங்கெடுப்பதாகும். மனிதன் மரணித்த பின்னும் நன்மை தொடர்ந்து சேர்க்கும் மூன்றினுள் நிலையான தர்மத்தை நாயகம் (ஸல்) அவர்கள் ஒன்றாக எண்ணினார்கள். அந்தத் தர்மம் நிலைப்பது கல்லின் உறுதியால் மட்டுமன்று, அதைக் காப்பவரின் விழிப்பாலும்தான்.

வல்ல ரஹ்மான் நம் இறையில்லத்தைத் தொழுகையாலும், கல்வியாலும், ஈகையாலும் செழிக்கச் செய்வானாக! அதற்காக நிலமும் பொருளும் உழைப்பும் ஈந்து மறைந்த நம் முன்னோர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.